ஏழு சாவியும் ஒரு சாவியும்

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பது. கம்பெனிக்கு நான் தர வேண்டிய கடன் இவ்வளவு என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே என் பெயர். கோட்டின்மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மேனேஜர் பேனாவின் மூடியைத் தானே கழற்றிவிட்டு நீட்டினார். அவ்வளவு அக்கறை.

"படிச்சுப் பாத்துட்டீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்ப போடுங்க."

"இதுல அறுநூத்தி முப்பது என்னோடது. மிச்சம் என்னோடது இல்ல. போட மாட்டேன்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "யோசிச்சுட்டு வாங்க. மாசக் கடைசியில உங்க கணக்கை முடிக்கணும்."

பெருவிரல் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் நீட்டிய தாள்களில் எல்லாம் வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய? நாற்பத்தெட்டு வயதுக்குமேல் எழுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம், போட மாட்டேன் என்று சொல்ல முடிந்ததுதான்.

எங்கள் கிடங்கில் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் வரும், போகும். பெரிய ஷெட்டில் வரிசையாக ஏழு மேடைகள். லாரி பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நிற்கும். கன்டெய்னருக்குள் ஏறிப் பெட்டிகளை இறக்குவது எங்கள் வேலை. இரண்டாம் மேடைக்குப் பொறுப்பு நான். ஐந்தாம் மேடைக்கு என் மனைவியின் தம்பி. அவனை நான்தான் இந்த வேலையில் சேர்த்துவிட்டேன், அதற்காக அவன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த அறுநூற்று முப்பது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பெட்டியோடு குனிந்தவன் நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, பெட்டி கைநழுவியது. உள்ளே இருந்ததில் முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஷெட்டே பார்த்தது. அது என் கடன். இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த இடுப்பு அதற்குப் பிறகு சரியாகவில்லை. அதனால்தான் வேலையை விடுகிறேன். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. "நீங்க படியேறி வந்து விடுற மூச்சுல அடுப்பே அணைஞ்சு போகுது" என்பாள் மனைவி. இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீட்டைப் பார்த்து வைத்திருந்தோம். கம்பெனி கணக்கு முடித்துத் தரும் பணம்தான் அதற்கு முன்பணம். அந்தப் பணமும் தாளில் இருந்த கடனும் ஏறக்குறைய ஒரே அளவு. கடனைக் கழித்துக்கொண்டால், இத்தனை வருடம் சுமந்ததற்கு ஒரு பிடித்த இடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டியதுதான்.

மீதி நாற்பத்தோராயிரத்தின் கதை வேறு. கன்டெய்னரைத் திறக்கும்போதே சில பெட்டிகள் உடைந்திருக்கும். கடலிலும் சாலையிலும் குலுங்கி வருகிற சரக்கு, உடையாமல் என்ன செய்யும். உடைந்ததை அன்றைக்கே அந்த மேடைப் பொறுப்பாளின் பெயரில் எழுதிவிடுவார்கள். அதைப் படம் எடுத்து, டைல்ஸ் செய்த கம்பெனிக்கு அனுப்புவார்கள். வழியில் உடைந்ததுதான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டு வேறு பெட்டி அனுப்பினால், எழுதியதை எங்கள் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டும். எழுதுவது மாடியில், எடுப்பது ஷெட்டில். இதுதான் ஏற்பாடு.

அப்படி வருகிற பெட்டியில் பச்சைத் தாள் ஒட்டி, 'பதில் சரக்கு' என்று போட்டிருக்கும். பெட்டிகள்தான் எனக்குப் பாடப்புத்தகம். 'கவனம், உடையக்கூடியது' என்பதை முதல் தடவை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த அன்று, அந்தப் பெட்டியை மட்டும் நான் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினேன் என்று மச்சினன் இன்னும் கேலி செய்வான். 'பதில் சரக்கு' எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இறக்கியிருக்கிறேன். அதை விற்றுக் கம்பெனி காசும் பார்த்துவிட்டது. ஆனாலும் உடைந்ததற்கான கடன் என் பெயரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் அறையிலிருந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டின் மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு பெண். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அன்று அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

"மேடம், என் பேர்ல இருக்கற உடைவை எல்லாம் எப்ப எடுக்கப் போறீங்க?"

"என்னண்ணே, புதுசா மேடம்ங்கறீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டேனே. பதில் வர்ற அன்னிக்கே எடுத்துடுவேன்."

"மேல தாள்ல நாப்பத்தோராயிரம் நிக்குது."

"நிக்காது."

"நான் படிச்சேன் மேடம். இப்பல்லாம் படிப்பேன்."

அவள் நாற்காலியை முழுசாகத் திருப்பினாள். "என்னைத் திருடிங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"மேடம்னா வேற என்ன அர்த்தம்? இங்க வாங்க. இப்படி நில்லுங்க. உங்க கண்ணு முன்னாடியே பாக்கறேன்."

ஃபைலைத் திறந்தாள். என் பெயருக்கு நேரே நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பதேதான் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, டைல்ஸ் கம்பெனியின் பதில் ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குரிய உடைவை என் பெயரிலிருந்து நீக்கினாள். முப்பத்திரண்டாயிரத்து நானூற்று முப்பது ஆனது. சேவ் செய்தாள். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் சட்டையைக்கூட மாற்றாமல் முதலில் அங்கேதான் போனேன். எண் பழையபடி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பது. பால் பொங்கவில்லை, பாத்திரமே மாறிவிட்டது.

"அண்ணே, நேத்து நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

"பாத்தேன் தங்கச்சி" என்றேன்.

இருவரும் மாடி ஏறினோம். ஆளுக்கொரு சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கு இப்போது ஒரே ஆள்மேல் சந்தேகம். மாடியில் கணக்குப் பார்ப்பவரை நாங்கள் கண்ணாடி என்போம். மூக்கின்மேல் ஒன்று, நெற்றியின்மேல் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருப்பார்.

"நான் எதுக்கும்மா அவரு கணக்கைக் கலைக்கறேன்?" என்று எழுந்தேவிட்டார். "என் வேலையே பாழாப் போகுது. லாரி வாடகை போடறேன், சில நாள் காலைல பாத்தா காணோம். வாசல்ல இருக்கறவர்தான் கை வைக்கறார்னு நான் மூணு மாசமா அவரோட பேசறதில்ல."

வாசல்காரரைக் கூப்பிட்டோம். லாரி வந்த நேரம், போன நேரம் போடுகிறவர். அவர் போட்டதும் காணாமல் போகிறதாம். ஷெட்டுப் பெண்தான் அழிக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு திருடனை மனதுக்குள் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் ரிப்பேர்காரர் ஒருவர் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தோளில் எப்போதும் ஒரு வயர்ச்சுருள் கிடக்கும், அதனால் வயர்காரர். எங்கள் சத்தம் தாங்காமல் தலையை நிமிர்த்தினார்.

"மூணு பேரும் ஒரே ஃபைல்லதானே வேலை பாக்கறீங்க? எப்படிப் பாக்கறீங்க, சொல்லுங்க."

கண்ணாடி விளக்கினார். ஃபைல் இருப்பது மாடியில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில். மூன்று இடத்திலிருந்தும் அதைத் திறக்கலாம். ஆரம்பத்தில் ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்கு, 'வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று ஒரு வரி வந்து நிற்கும். வாசலில் லாரி காத்திருக்கும். 'எவன்டா திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனது' என்று கீழிருந்து மேலே கத்துவார்கள். 'நீதான்டா' என்று மேலிருந்து கீழே கத்துவார்கள். மேனேஜர் பார்த்தார். காலையில் ஆளுக்கொரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் வேலை பாருங்கள், சாயங்காலம் கிளம்பும்போது பழையதின்மேல் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். அன்றோடு கத்தல் நின்றது.

"அவரு மூளையே மூளை" என்று முடித்தார் கண்ணாடி.

வயர்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "சாயங்காலம் கடைசியா யாரு கிளம்புவாங்க?"

"பெரும்பாலும் நான்தான்" என்றார் கண்ணாடி, கொஞ்சம் பெருமையாக.

"அப்ப இவங்க ரெண்டு பேரும் நாள் பூரா பாத்த வேலையைத் தினமும் நீங்கதான் மூடிட்டுப் போறீங்க. உங்க காப்பி காலைல எடுத்தது. அதுல இவங்க மாத்தினது எதுவும் இருக்காது. நீங்க சீக்கிரம் கிளம்பற அன்னிக்கு உங்க வேலையை இவங்க மூடறாங்க. ஒரே சுவத்துல மூணு பேரு போஸ்டர் ஒட்டினா காலைல எது தெரியும்? கடைசியா ஒட்டினவனோடது."

கண்ணாடி இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார்.

"அந்த வரி வந்து உங்களை நிக்கச் சொன்னது உங்க நல்லதுக்குத்தான்" என்றார் வயர்காரர். "அதோட வாயைப் பொத்திட்டீங்க."

"மறுபடி அந்த வரியையே வச்சுக்கிட்டா மறுபடி கத்தல்தானே" என்றார் வாசல்காரர். "யாரு திறந்து வச்சிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஷெட்டுத் தங்கச்சிதான் சொன்னாள். "லாரிக்குச் சாவி வாங்கி வைக்கறோமே, அது மாதிரி வச்சா என்ன?"

எங்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. லாரி வந்து நின்றதும் டிரைவர் சாவியை மேடைப் பொறுப்பாளிடம் கொடுத்துவிட வேண்டும். பொறுப்பாள் அதைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்வான். உள்ளே போன கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் சாவி டிரைவர் கைக்குப் போகும். முன்பொரு தடவை, ஆள் உள்ளே இருக்கும்போதே ஒரு டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். விழுந்தவனுக்குக் கால் போனது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

"எங்கயாவது பொதுவா ஒரு ஆணி. அதுல ஒரு சாவி" என்றாள். "சாவியை எடுத்தவங்கதான் ஃபைலைத் திறக்கணும். முடிஞ்சதும் மூடிட்டு, சாவியைக் கொண்டுவந்து மாட்டணும். காப்பி கீப்பி எதுவும் கிடையாது."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் வயர்காரர். "ஸ்க்ரீன்ல வர்றதை யாரும் மதிக்க மாட்டாங்க. சாவின்னா கொஞ்சம் பயம் இருக்கும்."

கண்ணாடி தன் டிராயரில் துழாவி ஒரு பழைய பீரோச் சாவியைக் கண்டெடுத்தார். பீரோ எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. எதையும் திறக்காத அந்தச் சாவியை மாடிப்படியின் அடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு ஆணியில் மாட்டினோம். மூன்று மாதமாகப் பேசாமலிருந்த கண்ணாடியும் வாசல்காரரும் அன்றுதான் பேசிக்கொண்டார்கள். "ஆணியை இன்னும் கொஞ்சம் கீழ அடிச்சிருக்கலாம்" என்பதுதான் பேச்சு.

இனிமேல் போடுவது அழியாமல் நிற்கும். ஆனால் இதுவரை மூடிப்போனது? டைல்ஸ் கம்பெனியின் பதில்கள் எல்லாம் தன் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். சாவி தன் கையில் ஒரு மத்தியானம் இருந்தால் போதும், பழைய உடைவுகள் அத்தனையையும் எடுத்துவிடலாம். என் பெயரில் மட்டுமில்லை, ஏழு மேடைக்கும்.

இந்தச் சேதி மேனேஜர் காதுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி கொடுத்தார். நாற்காலி கொடுத்தாலே எனக்கு இடுப்பு உஷாராகிவிடும்.

"நமக்குள்ள எதுக்கு வம்பு. உங்க கடன் மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிடறேன். இந்தத் தாள்ல மட்டும் ஒரு கையெழுத்து."

தாளை இழுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் படிப்பேன், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மேற்படி கடன் என்னால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகம் கருணையோடு அதைத் தள்ளுபடி செய்துள்ளது.'

"இல்லாத கடனை எப்படி சார் தள்ளுவீங்க?"

"வார்த்தையில என்ன இருக்கு? உங்களுக்குப் பணம் வருதா இல்லையா?"

"எனக்கு வரும். மத்த ஆறு மேடைக்கு?"

"மத்தவங்க பேச்சு உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் போகப் போறவராச்சே."

"போறவன்தான் சார். போகும்போது மத்தவங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போன்னு சொல்றீங்க."

அவருடைய முகம் மாறியது. என் கடன் தப்புக் கணக்கு என்று எழுதினால் மற்றவர்களுடையதையும் தோண்ட வேண்டும். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். காப்பி எடுக்கச் சொன்னது யார் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். என் ஒரு கையெழுத்து கிடைத்தால் இதெல்லாம் இல்லை. நான் எழுந்துகொண்டேன். நாற்காலியிலிருந்து எழுவதற்கே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது, அதுவும் ஒரு மானக்கேடு.

வீட்டில் சொன்னேன். மச்சினன் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தள்ளுபடின்னு எழுதினா என்ன, தானம்னு எழுதினா என்ன?" என்றாள் மனைவி. "காசு காசுதானே. நாம பாத்து வச்ச வீட்டுக்காரம்மா வேற ஆள் கேக்கறாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"போடுங்க மாமா" என்றான் மச்சினன். "எனக்காகப் பாக்காதீங்க."

"கடன் உண்மைன்னு நான் ஒத்துக்கிட்டா, அதே ஃபைல்ல இருக்கற இவன் கடனும் உண்மைன்னு ஆயிடும். பத்தொம்பதாயிரம்."

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பப் போடாதீங்க" என்றாள். "இவன் கடன் எப்படியும் சுத்தி வந்து நம்ம தலைலதான் விடியும்."

என் கடைசி நாளுக்கு முந்தைய நாள். மத்தியானம் தங்கச்சி பதில்களை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்துவிட்டு, சாவி எடுக்கப் படியடிக்குப் போனாள். ஆணி மட்டும் இருந்தது.

மேலே போய்க் கேட்டிருக்கிறாள். மேனேஜர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாராம். "மாசக் கடைசி. கணக்கு முடியற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்." கணக்கு முடிவது என்றால், என் கடனைக் கழித்துக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்ட பிறகு.

தங்கச்சி வந்து சொன்னபோது மச்சினனும் பக்கத்தில் இருந்தான்.

"அது சும்மா ஒரு பீரோச் சாவிதானே? எதையும் திறக்காது. நீங்க பாட்டுக்கு ஃபைலைத் திறந்து வேலையைப் பாருங்க."

"மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"சாவி இல்லாம இன்னிக்கு நான் தொட்டா, நாளைக்கு எல்லாரும் தொடுவாங்க. அவரும் தொடுவார். அப்புறம் நான் எடுத்தது அப்படியே நிக்கும்னு யாரு சொல்றது? நாமளே வச்ச வழக்கம். நாமளே மீறினா அது வெறும் இரும்பு."

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சும்மா நின்றுகொண்டு சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு மேடையிலும் மாட்டியிருக்கும் அதே பலகைதான். அந்த விபத்துக்குப் பிறகு மேனேஜர் தன் கையெழுத்தோடு எழுதி வைத்தது: 'கன்டெய்னருக்குள் ஆள் இருக்கும்வரை சாவியைக் கொடுக்கக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்.'

எத்தனையோ தடவை படித்த பலகை. அன்றுதான் எழுத்து எழுத்தாக உள்ளே இறங்கியது.

என் மேடையில் லாரி காலியாக நின்றது. டிரைவர் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு உடைந்த பெட்டியை எடுத்துக்கொண்டு கன்டெய்னருக்குள் போய், அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சாவி என் கழுத்தில் இருந்தது.

"என்ன பெரியவரே?"

"உள்ள ஆள் இருக்குங்க."

டிரைவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் துண்டை மேடையில் விரித்துப் படுத்துவிட்டார்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். ஐந்தாம் மேடைக்குப் போனான். ஒவ்வொரு மேடையாகச் சேதி போயிற்று. சுமை இறங்குகிற வேலை எங்கேயும் நிற்கவில்லை. இறங்கி முடிந்த பிறகு, ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் ஒரு ஆள் மட்டும் வெளியே வரவில்லை. சாயங்காலத்துக்கு வெகு முன்பே ஏழு லாரியும் நகராமல் நின்றன. அதற்குப் பின்னால் வந்த லாரிகள் வாசலைத் தாண்டித் தெருவில் வரிசை கட்டின.

மேனேஜர் இறங்கி வந்தார்.

"இறங்குங்க எல்லாரும்."

"வேலை முடியல சார்" என்று ஐந்தாம் மேடையிலிருந்து மச்சினன் குரல் வந்தது. "பெருக்கிட்டிருக்கேன்." விளக்குமாற்றுச் சத்தமும் வந்தது. ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தான்.

"இது ஸ்ட்ரைக். தெரியுதா உங்களுக்கு?"

"போர்டுல நீங்க எழுதினதுதான் சார்" என்றேன். "படிச்சுட்டுத்தான் செய்யறோம். எனக்கு எழுத்துத் தெரியாம இருந்திருந்தா நீங்க சொன்னதும் இறங்கியிருப்பேன்."

"வேலையை விட்டே தூக்கிடுவேன்."

"நாளைக்கு நானே போறேன் சார்."

அவர் டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் என்ன வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க?"

படுத்திருந்த டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எங்களுக்கு அவசரமே இல்ல சார். நிக்கற நேரத்துக்கும் வாடகை ஓடிட்டுதான் இருக்கு."

மேனேஜர் கன்டெய்னரின் வாயில் வந்து நின்றார். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கில்ல சார். படியடியில இருக்கற ஆணிக்கு. உங்க பையில இருக்கற சாவி."

"முதல்ல வண்டியை விடுங்க. அப்புறம் தர்றேன்."

"முதல்ல நீங்க விடுங்க. எங்ககிட்ட ஏழு இருக்கு, உங்ககிட்ட ஒண்ணு. உங்களுக்குத்தான் விடறது சுலபம்."

அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. இடுப்பு வலியில் உயிர் போனது. கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை மாற்றிப் போட்டால் தளர்ந்துவிட்டான் என்று நினைப்பாரே என்று மாற்றவில்லை.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து கண்ணாடியின் தலை நீண்டது.

"சார், ஏழு வண்டிக்கும் காத்திருந்த வாடகை ஏறிட்டே போகுது. எழுதி வைக்கணும்."

"எழுதுங்க, அதுக்கு என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"ஃபைலைத் திறக்கணுமே சார். சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். படுத்திருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கண்ணாடி சிரிக்கவில்லை. வேண்டுமென்றே சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மேனேஜர் பையில் கையை விட்டார். சாவியை எடுத்து என்னை நோக்கி நீட்டினார்.

"என்கிட்ட வேண்டாம் சார். யார் கைலயும் குடுக்கற வழக்கமில்ல. ஆணியில மாட்டுங்க."

அவர் படியடி வரைக்கும் நடந்தார். ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டினார். ஆணி கொஞ்சம் உயரம்தான், எட்டித்தான் மாட்ட வேண்டியிருந்தது.

அதைத் தங்கச்சி எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் நான் பெட்டியிலிருந்து எழுந்தேன். நானாக எழவில்லை, டிரைவர் கைகொடுத்துத் தூக்கினார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அந்தக் கையிலேயே வைத்தேன். மற்ற மேடைகளிலும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஏழு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

தங்கச்சி வேலை செய்த நேரம் முழுவதும் கண்ணாடி அவள் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசல்காரர் வந்து, "ரெண்டே ரெண்டு எண் போடணும், சட்டுனு திறந்துட்டு மூடிடறேனே" என்றார்.

"சாவி உள்ள இருக்கு" என்றார் கண்ணாடி. அவ்வளவுதான். வாசல்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்து ஃபைலை மூடி, சாவியை மாட்டிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். அன்று யாரும் எதன்மேலும் எதையும் தூக்கிப் போடவில்லை.

மறுநாள் காலை. என் கடைசி நாள். மாடியில் கண்ணாடி சாவியோடு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். மேனேஜரும் நின்றார். மச்சினன் பெயருக்கு நேரே ஆயிரத்து நூறு இருந்தது. "அது நான் உடைச்சதுதான்" என்றான் மெதுவாக. மற்ற மேடைகளிலும் ஆயிரக்கணக்கில் இருந்தவை நூறுகளுக்கு இறங்கியிருந்தன. இரண்டு பேர் பெயரில் ஒன்றுமே இல்லை. அவர்கள் சம்பளத்தில் பிடித்திருந்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, கண்ணாடி ஏற்கெனவே மேலிடத்துக்கு எழுதிவிட்டிருந்தார். மேனேஜருக்குச் சொல்லாமல்.

என் பெயருக்கு நேரே அறுநூற்று முப்பது. ராத்திரி முழுக்க இருந்தும் அது மாறவில்லை.

"சரி, இந்தச் சின்னத் தொகையை விட்டுடலாம்" என்றார் மேனேஜர். "எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கீங்க."

"வேண்டாம் சார். அது நான் உடைச்சது."

"நான்தான் விடறேன்ங்கறேனே."

"நீங்க விட்டா அதுக்கும் ஒரு தாள் வரும்."

மனைவி சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்த பணத்தை எடுத்தேன். ஐந்நூறு, நூறு, மூன்று பத்து. மேசைமேல் வைத்தேன். கண்ணாடி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணி, டிராயரில் போட்டு, எண்ணை அழித்து வேறு எண்ணைத் தட்டினார். சேவ் செய்தார். ஃபைலை மூடினார். பிறகு, நான் கேட்காமலேயே, மறுபடி ஒரு தடவை திறந்து ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார்.

சைபர்.

மேனேஜர் புதுத் தாளை நகர்த்தினார். 'கடன் பாக்கி எதுவும் இல்லை' என்று ஒரே வரி. அவர் பேனாவை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். மூடியை நானே கழற்றினேன். கோட்டின்மேல் என் பெயரை எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.